புள்ளிப்பட்டியலும் இரண்டு விருதுகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் மண்டல டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) சங்கம் ஆண்டு முடிவில் சிறந்த புதுமுகம், சிறந்த ஜூனியர் என்று இரண்டு விருதுகள் தருகிறது. சீசன் முழுக்கச் சேர்த்த புள்ளிகளை வைத்தே முடிவு செய்கிறோம். இம்முறை ஜூனியர் விருது எல்லாப் போட்டிகளிலும் கலந்துகொண்ட 19 வயதுப் பெண்ணுக்குப் போனது. மூன்றே போட்டிகளில் வந்து எல்லோரையும் அசத்திய 16 வயதுப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. அவளுடைய பயிற்சியாளர் கோபத்தில் இருக்கிறார். புள்ளியைக் கைவிட்டால் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். என்னதான் செய்வது?

ஒரு சங்கச் செயலாளர்

அன்புள்ள செயலாளருக்கு,

பயிற்சியாளரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் புள்ளிப்பட்டியல் பாதிக்குமேல் வருகைப்பதிவேடுதான். அதிகப் போட்டிகளில் ஓடியவருக்கே விருது என்றால், வளரும் வயதுப் பிள்ளைகள் முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். (பெற்றோரே கூட்டிவந்து நிறுத்துவதும் உண்டு.) ஒருவருடைய சிறந்த மூன்று முடிவுகளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சர்வதேச விதிப்படி ஜூனியர் என்பது 16 முதல் 19 வரை. அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் என்ன வயதோ அதுதான் கணக்கு. அந்த வயதில் மூன்று ஆண்டு இடைவெளி மிகப் பெரியது. ஆள் இருந்தால் 16-17, 18-19 என்று பிரித்துவிடுங்கள்.

மொத்த நேரம் எதையெல்லாம் மறைக்கும் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஸ்பிரிண்ட் தூரத்தில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். முன்னால் போகிறவரின் பின்னே ஒட்டி மிதிக்க அனுமதி உள்ள போட்டிகளில், நீரிலிருந்து சில விநாடி தாமதமாக வந்தாலே முன்கூட்டம் கைநழுவிப் போகும். பிறகு தனியாகக் காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டியதுதான். அப்படி மிதித்துவிட்டு, ஓட்டத்தில் எல்லோரையும்விடக் குறைந்த நேரம் எடுத்து, ஒன்பதாவதாக வருகிற பெண் யார் கண்ணிலும் படமாட்டாள். நான் அவளைத்தான் தேடுவேன். ஆனால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று பிரித்துப் பார்க்கும் தனித்தனி நேரங்களும் ஏமாற்றும். கூட்டத்தின் வாலில் ஒளிந்து, ஒரு முறைகூட முன்னால் வந்து இழுக்காமல், கால்களைச் சேமித்துவைத்து ஓடுகிறவர்களும் உண்டு. நேரத்தைப் பதியும் டைமிங் சிப்புக்கு இது தெரியாது. சைக்கிள் பாதையில் நிற்கும் நடுவருக்குத் தெரியும். அவரிடம் கேளுங்கள்.

புதுமுகம் என்றால் சிறுவயது என்று உங்கள் குழு நினைக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அமெரிக்காவின் க்வென் ஜோர்கென்சன் கல்லூரியில் நீச்சலும் ஓட்டமும் பழகியவர். கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், 2010-இல், டிரையத்லானுக்கு வந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டயர் பஞ்சராகி 38-ஆம் இடம். 2016 ரியோவில் தங்கம். இப்படி ஏற்கெனவே இரண்டு துறை தெரிந்து வருகிறவரையும், நீச்சலே இப்போதுதான் கற்றவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. யாருக்கு எது பலவீனமோ அதில் முதல் போட்டிக்கும் கடைசிப் போட்டிக்கும் இடையே எவ்வளவு முன்னேறினார் என்று பாருங்கள். டிரான்சிஷனையும் (ஒரு பிரிவை முடித்து அடுத்ததற்கு மாறும் இடைவேளை) சேர்த்தே சொல்கிறேன். ஈரக்கையோடு ஹெல்மெட் மாட்டப் பழகுவதும் ஒரு திறமைதான்.

பாரபட்சப் பேச்சுக்கு வழி ஒன்றுதான். அளவுகோலை சீசன் தொடங்குவதற்கு முன்பே எழுதி அறிவியுங்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர் தன் மாணவர் பெயர் வரும்போது விலகி நிற்கட்டும். விருதோடு காரணத்தையும் நான்கு வரியில் வெளியிடுங்கள்.

இந்த ஆண்டு விருதில் கைவைக்காதீர்கள். அந்த 19 வயதுப் பெண் நீங்கள் சொன்ன விதிப்படிதான் ஜெயித்திருக்கிறாள்.