பச்சைப் பெட்டியும் உப்புத்தாளும்

அன்புள்ள சார்,

பழைய மரச்சாமான்களை வாங்கி விற்கும் வேலையை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். உறவினர் ஒருவர் வீட்டை ஒழித்தபோது ஒரு மரப்பெட்டி கிடைத்தது. பச்சைப் பெயின்ட், பல இடங்களில் உரிந்திருக்கிறது. மூடியின் உட்புறம் யாரோ ஒரு பறவையும் இரண்டு பூவும் வரைந்திருக்கிறார்கள். பின்கால் ஒன்று மட்டும் வேறு மரம். பெயின்டைச் சுரண்டி, பறவையைப் புதிதாக வரைந்து, காலையும் மாற்றினால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் தச்சர். செய்யலாமா? இது உண்மையிலேயே பழையதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வி.

அன்புள்ள வி.,

செய்யாதீர்கள். தச்சரிடம் இன்றைக்கே சொல்லி நிறுத்திவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு முக்காலி கிடைத்தது. நீலப் பெயின்ட். உட்காரும் பலகையின் நடுவில் நீலம் தேய்ந்து அடியில் ஒரு சிவப்பு, அதுவும் தேய்ந்து அடியில் மரம். வளையம் வளையமாகத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சாயங்காலம் பார்த்தால், நேற்றுச் செய்ததுபோல ஒரு முக்காலி நிற்கிறது. எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்த தடத்தை ஒரே நாளில் அழித்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நாட்டுப்புறச் சாமான்கள் பெரும்பாலும் கைக்குக் கிடைத்த சாதாரண மரத்தில் செய்தவை. அதற்காகவே பெயின்ட் அடித்தார்கள். சுரண்டினால் மிஞ்சுவது வெறும் பலகை. விஷயம் தெரிந்தவர்கள் அந்த முதல் பூச்சுக்குத்தான் பணம் கொடுப்பார்கள். இன்னொன்று, பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டிவிடுங்கள், போதும்.

சரி, வயதுக்கு வருவோம். முகப்பைப் பார்க்காதீர்கள். பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். கை ரம்பம் விட்ட கீறல் நேர்கோடாக, இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். வளைந்த கீறல் என்றால் வட்ட ரம்பம், அது 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பலகையின் அடியை விரல்நுனியால் தடவினால் இழைப்புளி ஓடிய மேடுபள்ளம் தட்டுப்படும். மூலைகளில் ‘புறா-வால்’ மூட்டு, அதாவது புறாவின் வால்போல விரிந்த பற்களைக் கோத்துப் பலகைகளைச் சேர்த்த இணைப்பு, இருந்தால் பற்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். கையால் வெட்டியவை ஒரே அளவில் இருப்பது அரிது. பூச்சி அரித்த இடத்தையும் பாருங்கள். பூச்சி மேற்பரப்பில் சின்ன வட்ட ஓட்டை போட்டுத்தான் வெளியே வரும். ஓட்டைக்குப் பதிலாக நீளவாட்டில் அறுபட்ட சுரங்கம் வெளியே தெரிந்தால், அரித்த பழைய பலகையைப் பிறகு யாரோ அறுத்து அதில் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரே அடையாளத்தை நம்பி முடிவுக்கு வரவேண்டாம். அமெரிக்கச் சிற்பி அர்மாண்ட் லாமோன்டேன் 1969-இல் 17-ஆம் நூற்றாண்டுப் பாணியில் ஒரு நாற்காலி செய்தார். நிபுணர்களையும் ஏமாற்ற முடியும் என்று காட்டுவதே நோக்கம். அது கைமாறி, ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,000 டாலர் கொடுத்து அசல் என்று வாங்கியது. 1977-இல் உண்மை வெளியே வந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தபோது, மூட்டுக்குள் இருந்த துளைகள் நவீனத் துளைப்பானால் போட்டவை. அருங்காட்சியகம் அந்த நாற்காலியைத் தூக்கி எறியவில்லை, போலியை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க வைத்திருக்கிறது. அந்தத் துளைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யாரும் பார்க்காத இடத்தில்தான் அந்த நாற்காலி உண்மையைச் சொன்னது.

காலை மாற்றவேண்டாம். உடைந்த காலுக்குப் பதிலாகக் கையில் இருந்த மரத்தைச் செதுக்கி யாரோ பொருத்தியிருக்கிறார்கள். அதுவும் பெட்டியின் வாழ்க்கைதான். ஆனால் வாங்குபவரிடம் நீங்களே முதலில் காட்டுங்கள், ரசீதிலும் ‘ஒரு கால் பிற்காலத்தில் மாற்றப்பட்டது’ என்று எழுதிக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையலாம், குறையட்டும். அவர் பிறகு தானாகக் கண்டுபிடித்தால் உங்களிடம் இன்னொரு முறை வரமாட்டார்.

அந்தப் பறவையின் மேல் யாரையும் தூரிகை வைக்க விடாதீர்கள். கையெழுத்து இல்லையே என்று குறைவாக நினைக்கவும் வேண்டாம். 1932-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஹோல்கர் கேஹில் அமெரிக்க நாட்டார் கலைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். காற்றுத் திசைகாட்டிகளும் மரச்சிற்பங்களும் ஓவியங்களுக்குச் சமமாக அங்கே நின்றன. பலவற்றைச் செய்தவர் பெயர் தெரியாது.

உங்கள் பறவை விஷயத்தில் பெயர் தெரிய இன்னும் வழியிருக்கிறது. உறவினர் வீட்டிலிருந்து வந்த பெட்டி என்கிறீர்கள். அது யாருடையது, வரைந்தது யார் என்று அந்த வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியை விற்கும்போது அந்தத் தாளும் கூடவே போகட்டும்.