மலாவி ஊழியம், களி, ஒரு வாளித் தண்ணீர்: காட்பாடித் தம்பிக்கு

தம்பி, ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்கு ஊழியத்துக்கு வந்து மூன்று வாரமாகியும் கரண்ட், நெட், குழாய்த் தண்ணீர் இல்லாமல் எரிச்சலாக இருக்கிறது, ஊழியம் செய்ய வந்தவன் இப்படி நினைப்பதே பாவமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பாவமெல்லாம் இல்லை, சும்மா இருங்கள். ராணிப்பேட்டையில் பிறந்த, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரே மிஷனரி ஆகமாட்டேன் என்றுதான் இருந்தார், 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவர் நம் வேலூருக்கே ஆகிப்போனார்.

நானும் மலாவியில் ஆறு மாதம் இருந்தவன். முதல் வாரம் என்சிமா என்ற அவர்கள் சாப்பாட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தேன். அப்புறம்தான் உறைத்தது, மக்காச்சோள மாவில் கிண்டிய களி அது, எங்கள் பாட்டி கேழ்வரகில் கிண்டுவதுபோல. கையில் உருட்டி, கட்டைவிரலால் குழி வைத்து, கீரையை அள்ளிச் சாப்பிடுங்கள். ஸ்பூன் கேட்காதீர்கள்! சாப்பிடும் முன் ஒருவர் சொம்பில் தண்ணீர் ஊற்ற இன்னொருவர் கை கழுவுவார், அடுத்த முறை சொம்பை நீங்கள் வாங்கி ஊற்றுங்கள், வீடே சிரிக்கும். எனக்கு அங்கே மனசு லேசானது அந்தச் சிரிப்பில்தான், பிரசங்கத்தில் இல்லை.

தண்ணீரா? பாலாறு வறண்ட கோடையில் லாரிக்குக் குடம் வரிசை போட்ட ஊர்க்காரர்கள் நாம். காலையில் பெண்களோடு அடிபம்புக்குப் போங்கள், ஒரு வாளியாவது தூக்குங்கள். "சிகோமோ" என்றால் நன்றி, அதை மட்டும் தாராளமாகச் சொல்லுங்கள்.

கொசுவலை மட்டும் விடாதீர்கள், மலேரியா உண்டு.