கிளோவர் மேய்ந்தால் மாடு உப்பிவிடுமா?

கேள்வி: கறவை மாடுகளுக்குக் கிளோவர் (மூன்று மூன்று இலையாக வளரும் பயறு இனத் தீவனப் பயிர்) விதைக்கலாம் என்றிருக்கிறேன். அதை மேய்ந்த மாடு வயிறு உப்பிச் செத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். நிஜமா?

பதில்: நிஜம்தான். ஆனால் அதற்குப் பயந்து இத்தனை புரதமுள்ள தீவனத்தை விட வேண்டியதில்லை. இளந்தழையில் இருக்கும் புரதம் சட்டென்று கரைந்து வயிற்றில் நுரை கட்டும், ஏப்பமாக வெளியேற வேண்டிய வாயு அந்த நுரைக்குள் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம். இடது பக்கம், விலாவுக்குப் பின்னால் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் பந்துபோல் புடைத்திருந்தால் 'கொஞ்சம் பார்ப்போம்' என்று நிற்காதீர்கள், ஓரிரு மணி நேரத்திலேயே மாடு போய்விடலாம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நுரையை உடைக்கச் சமையல் எண்ணெய் புகட்டுவார்கள், அதையும் அவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, புரையேறாமல் மெதுவாகப் புகட்டுங்கள்.

இது வராமல் தடுப்பது சுலபம். தனிக் கிளோவராக விதைக்காமல் புல்லோடு கலந்து விதையுங்கள், மேய்ச்சலில் கிளோவர் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். பசித்த மாட்டை நேராக அதில் விடாதீர்கள், முதலில் வயிறு நிறைய வைக்கோலோ காய்ந்த புல்லோ போட்டுவிட்டு அப்புறம் அவிழ்த்து விடுங்கள். பூத்த பயிரில் ஆபத்து குறைவு, உலர்த்திப் போட்டால் இன்னும் குறைவு. மேய்ச்சலுக்கு என்றால் தரையோடு படரும் வெள்ளைக் கிளோவர், அறுத்துப் போட என்றால் சிவப்பு. சிவப்பு இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். ஒரே பருவத்தில் பல தடவை அறுக்க பெர்சீம் என்ற எகிப்தியக் கிளோவர் நல்லது, அதில் உப்புசத் தொல்லையும் குறைவு.

கேள்வி: என் கிளோவர் முளைத்து மஞ்சளாகவே நிற்கிறது. யூரியா போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். யூரியா போட்டால் கூட இருக்கும் புல்தான் எகிறிக் கிளோவரை அமுக்கும். ஒரு செடியை வேரோடு தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கிறது, மஞ்சளுக்குக் காரணம் வேறு, தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். முடிச்சே இல்லை, அல்லது உள்ளே வெளிறிக் கிடக்கிறது என்றால் மண்ணில் கிளோவருக்கான ரைசோபியம், அதாவது வேர்முடிச்சில் இருந்து தழைச்சத்து பிடித்துத் தரும் நுண்ணுயிர், இல்லை. நிலக்கடலைக்கு வாங்கிய ரைசோபியம் பாக்கெட் இதற்கு ஆகாது, கிளோவருக்கென்றே கேட்டு வாங்கி அடுத்த விதைப்பில் விதையோடு கலந்து போடுங்கள். மண் புளிப்பாக இருந்தாலும் அந்த நுண்ணுயிர் நிலைக்காது, கார அமில நிலை (pH) 6க்குக் கீழே போயிருந்தால் முதலில் சுண்ணாம்பு. இன்னொன்று, விதை கடுகைவிடச் சின்னது, ஒரு சென்டிமீட்டரைவிட ஆழமாகப் புதைத்துவிட்டு 'விதை சரியில்லை' என்று விற்றவரைத் திட்டாதீர்கள்!