ரவுட்டர் வாங்காமல் இரண்டு கணினிகளுக்கு இணையத்தைப் பகிர முடியுமா?

கேட்டவரிடம் இருப்பது இரண்டு கணினிகளும், சிம் போட்டுக் கணினியில் செருகினால் இணையம் தரும் ஒரு யூஎஸ்பி டொங்கிளும். ரவுட்டருக்குக் காசு செலவழிக்க விருப்பமில்லை. தாராளமாக முடியும். 2020இல் வகுப்புகள் இணையத்துக்கு மாறிய நாளிலிருந்து யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது.

எங்களுடையது பழைய நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றிவரச் சுண்ணாம்புக்கல்லில் எழுப்பிய தடித்த சுவர்கள். முன்னறை ஜன்னலோரம் டொங்கிளுக்கு நல்ல சிக்னல். தங்கை படிக்கும் பின்னறையில் ஒன்றுமே இல்லை. கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டும் அந்தச் சுவர்களிடம் தோற்றுப்போனது. ஆகவே 20 மீட்டர் நெட்வொர்க் வயர் வாங்கித் தாழ்வாரத்தின் வளையோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். 100 மீட்டர் வரை இந்த வயர் தாங்கும் என்பதால் எந்த வீட்டுக்கும் பயப்படத் தேவையில்லை.

கடைக்காரர் "குரொஸ் வயர்தான் வேண்டும்" என்று அடித்துச் சொன்னார். 1ஆம், 2ஆம் கம்பிகள் மறுமுனையில் 3க்கும் 6க்கும் போகும்படி மாற்றிப் பூட்டிய வயர் அது. வயர் செருகும் நெட்வொர்க் கார்ட் பழைய 100 எம்பி வேகத்தில் உள்ள கணினிகளுக்கு அவர் சொன்னது சரி. அதைவிட வேகமான கிகாபிட் கார்ட் இருந்தால் அது தானாகவே சமாளித்துக்கொள்ளும். சாதாரண வயர் போதும்.

இனி விண்டோஸ். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இணையத்தைப் பகிரும் வசதி உள்ளே இருக்கிறது. டொங்கிள் செருகிய கணினியில் கன்ட்ரோல் பனலைத் திறந்து வலையமைப்பு இணைப்புகளுக்குப் போங்கள். டொங்கிளின் இணைப்பை வலது சொடுக்கி, ப்ரொப்பர்ட்டீஸில் ஷேரிங் பக்கத்தில் முதலாவது பெட்டிக்குச் சரி அடையாளம் போடுங்கள். எதனோடு பகிர்வது என்று கேட்டால் வயர் இணைப்பைத் தெரிவுசெய்யுங்கள். முதல் நாள் நான் வயர் இணைப்பின் ப்ரொப்பர்ட்டீஸைத் திறந்து அங்கே அடையாளம் போட்டுவிட்டு இரவு பத்து மணிவரை தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பகிரவேண்டியது இணையம் வரும் பக்கம்.

மற்றக் கணினியில் எதையும் தொடவேண்டாம். வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், அதாவது ஐபி முகவரி, தானாக வரும். அது 192.168.137 என்று தொடங்கினால் எல்லாம் சரி. 169.254 என்று தொடங்கினால் முகவரி கொடுக்க யாரும் இல்லாமல் அது தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். வயரையும் அந்த அடையாளத்தையும் திரும்பப் பாருங்கள்.

விண்டோஸ் 10இல் ஒரு சோலி உண்டு. கணினியை அணைத்துத் திரும்பப் போட்டால் அடையாளம் அப்படியே இருக்கும், இணையம் மட்டும் போகாது. அடையாளத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரிவரும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து நிரந்தரமாகவும் திருத்தலாம், நான் மினக்கெடவில்லை. மெல்லிய சுவர் வீடென்றால் வயரும் வேண்டாம்: விண்டோஸ் 10இன் மொபைல் ஹொட்ஸ்பொட் 8 கருவிகள் வரை சேர்க்கும்.

உண்மையான தொல்லை வேறு. தங்கையின் கணினியிலிருந்து போவதெல்லாம் என் கணினி வழியாக, அதன் பெயரில்தான் வெளியே போகிறது. நான் அணைத்தால் அவளுக்கும் இல்லை. நான் பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கினால் அவளுடைய ஆசிரியரின் குரல் துண்டுதுண்டாகும், "அண்ணா!" என்று முற்றத்தைத் தாண்டி ஒரு சத்தம் வரும். வீட்டில் அதிகாலையில் எழுந்து படிப்பவர் யாரோ அவருடைய கணினியில் டொங்கிளைச் செருகுங்கள் என்பது என் அனுபவம். அதற்கு நான் பொருத்தமான ஆள் இல்லை.

ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரத்தை வெட்டியபோது இந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது. இரண்டும் மடிக்கணினி; டொங்கிளுக்கும் அதே பற்றரி, வயருக்கு மின்சாரமே தேவையில்லை. அயலில் ரவுட்டர் வைத்திருந்தவர்கள் மின்சாரம் வரும்வரை காத்திருந்தார்கள்.

வயர் எங்களுடையதைப் போல முற்றத்து ஓரமாகப் போகிறதென்றால், ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டதும் கழற்றிவிடுங்கள். ஒரு முனையை மட்டும் கழற்றினால் மற்ற முனையில் இருக்கும் கணினி இன்னும் வயரோடுதான் இருக்கிறது; இரண்டையும் கழற்றவேண்டும்.