கயிறு அறுந்தால் கல் எந்தப் பக்கம் போகும்?

கேள்வி: வழவழப்பான மேசைமேல் கயிற்றில் கட்டிய கல் ஒரே வேகத்தில் வட்டமிடுகிறது. வேகம்தான் மாறவில்லையே, முடுக்கம் எங்கிருந்து வருகிறது? கயிறு அறுந்தால் கல்லின் பாதை எது?

பதில்: மாறாதது வேகம் மட்டுமே. திசை நொடிக்கு நொடி திரும்புகிறது. அதனால் திசைவேகம் (வேகமும் திசையும் சேர்ந்த அளவு) மாறுகிறது, அந்த மாற்றத்தின் வீதமான முடுக்கமும் உண்டு. அது எப்போதும் மையத்தை நோக்கியே இருக்கும். அளவு: வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுக்க வேண்டும். கல்லின் நிறை 0.2 கிலோகிராம், ஆரம் 0.5 மீட்டர், வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் முடுக்கம் 18 மீ/வி². அதை நிறையால் பெருக்கினால் கயிற்றின் இழுவிசை 3.6 நியூட்டன். வேகத்தை இரட்டிப்பாக்கினால் இழுவிசை நான்கு மடங்காகி 14.4 நியூட்டனைத் தொடும். நூல் பட்டென்று அறுவது இதனால்தான்.

அறுந்த கணத்தில் கல் எங்கே இருந்ததோ, அந்தப் புள்ளியில் வட்டத்துக்கு வரையும் தொடுகோடுதான் (வட்டத்தை அங்கே மட்டும் தொட்டுச் செல்லும் நேர்கோடு) அதன் பாதை. தேர்வுத்தாள்களில் பலர் மையத்திலிருந்து வெளிநோக்கி அம்புக்குறி போட்டு மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். கல்லை வெளியே தள்ளும் விசை எதுவும் அங்கே கிடையாது. உள்ளே இழுத்த விசை நின்றுவிட்டது, அவ்வளவுதான். மேசையின் விளிம்பைத் தாண்டியதும் ஈர்ப்பு சேர்ந்துகொள்ள, பாதை பரவளையமாக வளையும். வேகம் நொடிக்கு அதே 3 மீட்டர், மேசை 0.8 மீட்டர் உயரம் என்றால் கல் ஏறத்தாழ 0.4 நொடியில் தரையைத் தொடும், விளிம்பிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி விழும்.