பி65 எங்கே நிற்கிறது?

அன்பின் சேர்,
ஹீலா கலங்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதக் கலங்கள்) மில்லிலீற்றருக்கு 10 நனோகிராம் ரிஎன்எப்-அல்பா என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் கொடுத்து, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு முழுக் கலச்சாற்றில் வெஸ்ரன் புளொட் (புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்தேன். கொடுத்ததிலும் கொடாததிலும் பி65 பட்டை ஒரே தடிப்பு. ரிஎன்எப் வேலை செய்யவில்லை என்று முடிவு எழுதலாமா?
– ஆய்வு மாணவி, களுவாஞ்சிகுடி

அன்பின் மகளுக்கு,

எழுத வேண்டாம். அந்தப் பட்டை அப்படித்தான் வரும். பி65 கருவுக்குள் போய்ப் பரம்பரையலகுகளை முடுக்கும் புரதம்; முன்கூட்டியே செய்யப்பட்டுக் குழியவுருவில் காத்துக் கிடக்கும். ஐகப்பாபி-அல்பா என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு, கருவுக்குள் போவதற்கான அடையாளத் துண்டை மூடி வைத்திருக்கும். ரிஎன்எப் பட்டதும் ஐகேகே நொதியம் ஐகப்பாபியின் 32ஆம், 36ஆம் இடங்களிலுள்ள செரீன் அமினோ அமிலங்களில் பொஸ்பேற்றை ஏற்றும். அதைக் கண்டு அழிப்பதற்கான அடையாளமாக யுபிகுயிற்றின் சங்கிலி ஒட்டப்படும், புரதங்களை உடைக்கும் புரோட்டியசோம் அதை அரைத்துவிடும். மூடி போனதும் இம்போட்டின் என்ற காவிப் புரதம் பி65ஐக் கருத்துளையால் உள்ளே கொண்டுபோகும். மொத்த அளவு மாறாது, இடம்தான் மாறும். வாவித் தண்ணி கடலுக்குப் போகுதா என்று பார்க்க முகத்துவாரத்துக்குத்தானே போவோம்?

24 மணித்தியாலம் மிகவும் பிந்தியது. உள்ளே போன பி65 முடுக்கும் பரம்பரையலகுகளில் ஐகப்பாபியினதும் ஒன்று. புதிதாக உண்டாகும் ஐகப்பாபி கருவுக்குள் போய் பி65ஐ வெளியே இழுத்து வரும். இது எனக்கு அலுக்காத அழகு.

0, 15, 30, 60, 120 நிமிடங்களில் கலங்களை எடுங்கள். முதலில் முழுச்சாற்றிலேயே ஐகப்பாபி பிறபொருளெதிரியால் பாருங்கள்: 15இல் பட்டை மங்க வேண்டும், 60 அளவில் திரும்ப வேண்டும். மங்கவே இல்லையென்றால் முதலில் ரிஎன்எப்பைச் சந்தேகியுங்கள்; பலமுறை உறைந்து உருகியிருந்தால் வீரியம் போயிருக்கும்.

பிறகு கருவைப் பிரியுங்கள். எல்லாமே ஐஸில். உப்புக் குறைந்த தாங்கற்கரைசலில் 10 நிமிடம் ஊறவிட்டு, சிறிதளவு என்பி-40 (கலமென்சவ்வைக் கரைக்கும் சவர்க்காரப் பொருள்) சேர்த்து மையநீக்கியில் சுழற்றினால், மேல்நீர் குழியவுரு, அடிப்படிவு கரு. படிவை இருமுறை கழுவி, 400 மில்லிமோலர் அளவு சோடியம் குளோரைட்டில் பிரித்தெடுங்கள். பொஸ்பேற்றைக் கழற்றும் நொதியங்களை நிறுத்தும் பொஸ்பற்றேசுத் தடுப்பியை மறக்க வேண்டாம். இரண்டு பகுதியிலும் லாமினும் (கருவுக்குரிய புரதம்) ரியூபியூலினும் (குழியவுருவுக்குரியது) கட்டாயம் பாருங்கள். மேல்நீரில் லாமின் தெரிந்தால் என்பி-40 கூடி, அல்லது பிப்பெற்றால் முரட்டுத்தனமாகக் கலக்கி, கரு உடைந்துவிட்டது. கருப்பகுதியில் ரியூபியூலின் தெரிந்தால் கழுவியது போதாது. அந்தப் புளொட்டை வைத்து எதையும் சொல்லக்கூடாது.

பி65 கருவுக்குள் தெரிந்தாலும் பரம்பரையலகு இயங்கிவிட்டதென்று எழுதிவிடாதீர்கள். உள்ளே போன பிறகும் அதன் வலு, அதில் ஏறும் பொஸ்பேற்று, அசற்றைல் என்ற சிறு இரசாயனக் கூட்டங்களைப் பொறுத்தது. ஐகப்பாபியின் எம்ஆர்என்ஏயையும் (பரம்பரையலகு இயங்கும்போது உண்டாகும் படி) அதே நேரங்களில் அளந்து பக்கத்தில் வையுங்கள்.