வெள்ளையர் யார்? கோர்ட் சொன்ன இரண்டு பதில்கள்

கேள்வி: கறுப்பர், வெள்ளையர் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. அப்புறம் இனம் என்பது சமூகம் உண்டாக்கியது என்கிறார்களே, எப்படி?

பதில்: தோல் நிறத்தை யாரும் மறுக்கவில்லை. எந்த இடத்தில் கோடு போடுவது என்பதுதான் மனிதர்கள் செய்த முடிவு. கெய்ரோவிலிருந்து நைல் நதியோரமாகத் தெற்கே போனால் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். 'இதோடு ஓர் இனம் முடிந்தது' என்று காட்ட வழியில் ஓர் ஊரும் கிடையாது.

கேள்வி: அப்படிக் கோடு போட்டதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

பதில்: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தையே சொல்லலாம். அன்றைய சட்டப்படி வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே அங்கே குடியேறிக் குடியுரிமை பெற முடியும். தகாவோ ஒசாவா என்ற ஜப்பானியர் தன் தோலும் வெளுப்புதான் என்று வாதாடினார். நிறம் முக்கியமில்லை, வெள்ளையர் என்றால் காகேசியர் (ஐரோப்பியரையும் அவர்களோடு சேர்த்தவர்களையும் அன்றைய அறிஞர்கள் ஒரே இனமாக அழைத்த பெயர்) என்று 1922 நவம்பரில் தள்ளுபடி செய்தார்கள்.

மூன்று மாதம் கழித்து பகத் சிங் திண்டின் வழக்கு. பஞ்சாபி சீக்கியர், அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 'உங்கள் அறிஞர்களே வட இந்தியரைக் காகேசியர் என்கிறார்கள், அப்படியானால் நானும் வெள்ளையன்' என்பது அவர் வாதம். அறிஞர்கள் சொல்வது இருக்கட்டும், சாதாரண மனிதன் உங்களை வெள்ளையராக நினைக்க மாட்டான் என்று இப்போது மாற்றிப் பேசினார்கள். இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாந்து! இதைக் காட்டி, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கூத்து தனி. 1930, 1940இல் இந்தியர் எல்லோரும், முஸ்லிம், சீக்கியர் உட்பட, 'ஹிந்து' இனம். 1970இல் வெள்ளையர். 1980இல் ஆசிய இந்தியர்.

கேள்வி: ஆனால் டிஎன்ஏ சோதனை நம் முன்னோர் எந்தக் கண்டம் என்று சொல்லிவிடுகிறதே?

பதில்: ஓரளவு சொல்லும். ஆனால் முன்னோர் வாழ்ந்த இடம் வேறு, இனம் வேறு. மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972இல் மரபியல் அறிஞர் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டார். வேறுபாடு மிக அதிகமாக இருப்பது ஆப்பிரிக்காவுக்குள்தான். அத்தனை பேரையும் 'கறுப்பர்' என்று ஒரே பெயரில் அடக்கினால் அதில் உயிரியல் எங்கே இருக்கிறது?

கேள்வி: சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை ரத்த நோய்) கறுப்பர்களின் நோய்தானே?

பதில்: இல்லை, மலேரியா இருந்த இடங்களின் நோய். கிரீஸில் உண்டு, அரேபியாவில் உண்டு, நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் 1952இலேயே கண்டறிந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடமோ அது அரிது.

கேள்வி: சரி, உயிரியலில் அடிப்படை இல்லையென்றால் அரசுப் படிவங்களில் இனம் கேட்பதையே நிறுத்திவிடலாமே?

பதில்: நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தென்னாப்பிரிக்காவில் 1950இல் சட்டம் போட்டு ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிவு செய்தார்கள். தலைமுடியில் பென்சில் செருகி, அது விழுகிறதா என்று பார்த்தும் இனத்தைத் தீர்மானித்தார்கள். 1991இல் அந்தச் சட்டம் போய்விட்டது. ஆனால் அதை வைத்துத் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் பலர் இன்றும் நகரத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள். இனம் கேட்காமல் அவர்களை எப்படிக் கணக்கெடுப்பது?